அவருடைய பாதி

கொட்டாஞ்சேனையில் கிளெமென்றின் முகம் தெரியாதவர்கள் இல்லை. பெயர் தெரிந்தவர்கள்தான் குறைவு. சந்தையில் மீன் வெட்டுகிறவர், ஓட்டோக்காரர், பார்மசியில் நிற்கிற பிள்ளை, எல்லாருக்கும் அவர் ‘படத்தில வாற ஆள்’. எந்தப் படம் என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. நாற்பது வருசத்துக்கு மேலாகச் சிங்களப் படங்களிலும், பிறகு ரீவி நாடகங்களிலும் அவர் வந்து போவதெல்லாம் இரண்டு நிமிச வேலை. ஆனால் அவர் வந்துவிட்டுப் போன வீட்டில் யாராவது ஒருவர் அழுதுகொண்டிருப்பார், அது நிச்சயம்.

அது அந்த முகத்தின் ராசி. கண்ணுக்குக் கீழே தொங்கிய சதை, நீண்ட காது, எதையோ சொல்ல வந்து மென்று விழுங்குகிற வாய். கெட்ட செய்தி கொண்டுவர ஓர் ஆள் வேண்டுமென்றால் டைரக்டர்மார் வேறு முகம் தேடவில்லை. தந்தி கொண்டுவருகிறவர் அவர். ஆபரேசன் அறையிலிருந்து வெளியே வந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிற டொக்டர் அவர். வீட்டைக் காலிபண்ணச் சொல்லிக் கோட்டுக் கட்டளையோடு வருகிறவரும் அவர்தான். சித்திரை வருசப் பிறப்பன்று காலையில் அவர் பாண் வாங்கப் புறப்பட்டால், எதிர்வீட்டு இராமலெட்சுமி அவர் தெரு முடக்கைத் தாண்டும் மட்டும் கதவைத் திறக்கமாட்டாள். பின்னேரம் பலகாரத் தட்டோடு அவளே வந்து சிரித்துக் கதைத்துவிட்டுப் போவாள். கிளெமென்றுக்கு அதில் ஒரு மனத்தாங்கலும் இல்லை. தன் முகத்துக்குக் கிடைத்த மரியாதை என்றே அதை எடுத்துக்கொண்டார்.

அவருடைய மனைவி மரியகொறற்றியும் முகத்தைப் பற்றி ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. அவளுக்கு ஆறாத கோபமெல்லாம் குரலைப் பற்றியதுதான்.

கிளெமென்றுக்கு நல்ல குரல். துறைமுகத்தில் கப்பல் சாமான் கணக்கெடுக்கிற கிளார்க்காக வேலை பார்த்த காலத்திலேயே, கோயிலில் அவர் வாசகம் வாசிக்க எழுந்தால் பின்பக்கத்து வாங்குகளில் தூங்குகிறவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். பெரிய கிழமையில் இயேசுவின் பாடுகளைக் காட்டிப் போடுகிற பாஸ்கு நாடகத்தில் அவரைப் பார்த்துத்தான் ஒரு சிங்கள டைரக்டர் கூட்டிக்கொண்டு போனார். கூட்டிக்கொண்டு போன மனிதர் முகத்தை வைத்துக்கொண்டு குரலைத் திருப்பி அனுப்பிவிட்டார். பிறந்ததிலிருந்து பேசிவந்த சிங்களம்தான். ஆனால் அதில் தமிழ் மணக்கிறதாம். ரேடியோவில் வேலைசெய்த ஒருவரைப் பிடித்து டப்பிங் பேச வைத்தார்கள். அன்று தொடங்கியது, எந்தப் படத்தில் அவர் வாயைத் திறந்தாலும் வேறு யாரோ பேசினார்கள். பிறகு ரீவி வந்தது. அங்கே தமிழ் மணக்க வேண்டும் என்றே கூப்பிட்டார்கள். கடை முதலாளியாக நின்று, நன்றாகத் தெரிந்த சிங்களத்தை நொண்ட வைத்துப் பேச வேண்டும். சனம் சிரிக்க வேண்டும். அதையும் செய்தார். சூட்டிங் முடிந்து அவர் கேக் பெட்டியோடு வீட்டுக்கு வருகிற நாட்களில் மரியகொறற்றி கேக்கைச் சாப்பிடுவாள். நாடகத்தைப் பார்க்கமாட்டாள்.

ஒரேயொரு தமிழ்ப் படம் இருந்தது. எழுபதுகளின் கடைசியில் கொழும்பிலேயே எடுத்தது. அதில் அவருக்கு ஸ்ரேசன் மாஸ்டர் வேசம், சொந்தக் குரல். அப்போது கலியாணம் பேசி முடித்திருந்த மரியகொறற்றி தன் தமக்கையோடு போய் அதைப் பார்த்தாள். இருட்டுக்குள்ளே அந்தக் குரல் தியேட்டர் முழுக்க நிறைந்தபோது, இந்த மனிதனைத்தான் கட்டப்போகிறேன் என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. படம் ஓடிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் படப் பெட்டிகளும் எரிந்துபோயின. மெல்பேணில் இருக்கிற மகள் றஷ்மி தகப்பனின் நொண்டாத குரலைத் திரையில் கேட்டதே இல்லை. கேட்ட ஆட்களில் உயிரோடு இருப்பது தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று மரியகொறற்றி சொல்லுவாள். சொல்லும்போது அதில் பெருமையும் இருக்கும், வயிற்றெரிச்சலும் இருக்கும்.

அதனால்தான் வெள்ளவத்தையிலிருந்து யதுஷா என்ற பெண் வந்து கதவைத் தட்டிய நாளை அவள் மாதா அனுப்பிய நாளென்றே நம்பினாள். யதுஷாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பகலில் கொம்பியூட்டர் கொம்பனியில் வேலை, மிச்ச நேரமெல்லாம் படம். சிநேகிதர்கள் சேர்ந்து ஒரு முழுத் தமிழ்ப் படம் எடுக்கிறார்கள். அதில் ஒரு தகப்பன். பிணவறையில் கிடத்தியிருக்கிற பையனைக் காட்டி, இவனைத் தெரியுமா என்று பொலிஸ் கேட்கிறது. கிடப்பது அவருடைய மகன். தெரியும் என்று சொன்னால் வீட்டிலிருக்கிற மற்றப் பிள்ளைகளுக்கு ஆபத்து. தகப்பன் தெரியாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறார். படமே அந்த ஒரு காட்சியில்தான் நிற்கிறது.

தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு யதுஷா சொன்னாள்: “அங்கிள், எனக்கு உங்கட முகம் மட்டும் போதாது. உங்கட குரல்லதான் முழுக்க வேணும்.”

கிளெமென்ற் ஓம் என்று தலையாட்டினார். மரியகொறற்றி குசினிக்குள் போய்ச் சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

துடைத்த கண்ணீர் காய்வதற்குள் பலீல் வந்தார். பலீல் பழைய ப்ரொடக்சன் மனேஜர். கிளெமென்றை எத்தனையோ சூட்டிங்குக்கு வானில் ஏற்றி இறக்கியவர். கிளெமென்ற் பின்னுக்குக் குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அவர் குரலைத் தாழ்த்தி விசயத்தைச் சொன்னார். போன மாசம் ஒரு நாடகத்தில் கிளெமென்றுக்கு மூன்று வரி. மூன்று வரியும் வரவில்லை. ஒரு மணித்தியாலம் மினக்கெட்டுவிட்டு, அந்தப் பாத்திரத்தையே வெட்டிவிட்டார்கள். அவருக்கு அது ஞாபகம்கூட இல்லை, அடுத்த நாள் போன் எடுத்து எப்போது சூட்டிங் என்று கேட்டிருக்கிறார். அக்காவுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் வந்தேன் என்று பலீல் எழுந்து போய்விட்டார்.

மரியகொறற்றிக்கு அது முழுப் புதினமும் இல்லை. சாவியைப் பிறிஜ்ஜுக்குள் வைத்தது, றஷ்மியின் கலியாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டது, இதையெல்லாம் வயசு என்று ஒதுக்கி வைத்திருந்தாள். இப்போது பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டொக்டர் நல்ல மனிதர். பழையவை கொஞ்சக் காலம் நிற்கும், புதியவை தங்காது, இனி இறங்குமுகம்தான் என்று மெதுவாக விளங்கப்படுத்தினார். வரும் வழியில் கிளெமென்ற், அந்த டொக்டருக்கு நடிக்கத் தெரியாது, கண்ணாடியைக் கழற்றாமல் சொல்லிவிட்டான் என்றார். பஸ்ஸில் பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஒரு நியாயமான பெண் அன்றைக்கே யதுஷாவுக்குப் போன் எடுத்துச் சொல்லியிருப்பாள். மரியகொறற்றி எடுக்கவில்லை. அவள் பொல்லாதவள் அல்ல. வாழ்நாளில் ஒருவரையும் ஏமாற்றாதவள்தான். ஆனால் அந்தக் குரல் ஒருமுறை, ஒரேயொருமுறை, நாலுபேர் கேட்கும்படி வெளியே வரவேண்டும் என்ற ஆசை அவளைப் பிடித்து ஆட்டியது. சொல்லிவிட்டால் வேசம் போய்விடும். சொல்லாவிட்டால் பாடமாக்க வைக்க வேண்டும். பாடமாக்க வைக்கிற வேலையை அவள் கையில் எடுத்தாள்.

முதல் கிழமை முழுக்கத் தோல்வி. காலையில் சொல்லிக் கொடுத்தால் மத்தியானம் இல்லை. தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினாள். அவர் அதை வாசித்துவிட்டு, யாருடைய வசனம் இது, நன்றாயிருக்கிறது என்றார். அவள் சத்தம் போட்டாள். அவர் முகம் சுருங்கிப் போய்க் கதிரையில் உட்கார்ந்தார். தனக்கு என்ன நடக்கிறது என்று அவருக்கும் அரைகுறையாகத் தெரிந்திருந்தது, அதுதான் கொடுமை.

வழி கிடைத்தது செபமாலையில். நாற்பத்தைந்து வருசமாக அந்த வீட்டில் பின்னேரம் விளக்கு வைத்தவுடன் செபமாலை உண்டு. பாலனைக் கையில் ஏந்திய மாதா சுருவத்துக்கு முன்னால் இரண்டுபேரும் உட்காருவார்கள். ‘அருள் நிறைந்த மரியாயே’ என்று அவள் தொடங்கிப் பாதி சொல்லுவாள். ‘அர்ச்சிஷ்ட மரியாயே’ என்று அவர் பிடித்து மிச்சப் பாதியைச் சொல்லி முடிப்பார். மணி உருளும். அவர் யோசித்துச் சொல்வதில்லை. அவளுடைய பாதி எந்த இறக்கத்தில் முடிகிறதோ, அந்த இறக்கத்திலிருந்து அவருடைய பாதி தானாக எழும்பும். பிள்ளையின் பெயர் தடுமாறிய நாட்களிலும் அது தடுமாறவில்லை.

ஒருநாள் செபமாலை முடிந்த கையோடு, அதே இருப்பில், அதே இழுவையில், அவள் பொலிஸ்காரனின் கேள்வியைச் சொல்லிப் பார்த்தாள். இந்தப் பையனைத் தெரியுமா. அவளே மறுமொழியையும் சொன்னாள். மறுபடி கேட்டாள், மறுபடி சொன்னாள், மணியை உருட்டினாள். நாலு நாள் கழித்து அவள் கேட்டு முடித்த இடத்தில் அவருடைய குரல் எழுந்தது. “தெரியாது ஐயா. என்ர பிள்ளை இல்லை.” நடுக்கமும் இல்லை, தடுமாற்றமும் இல்லை. மரியகொறற்றி மணியைப் பிடித்தபடி அழுதாள்.

அதன் பிறகு பிடித்த பிடியை விடவில்லை. மணிக்கு ஒரு கேள்வி, மணிக்கு ஒரு மறுமொழி. அவருக்குக் களைப்பு வரும். செபமாலையும் வசனமும் என்று இரண்டையும் ஒரு பின்னேரத்தில் தாங்கமாட்டார். வேறு நேரத்தில் வைத்தால் வசனம் ஏறுவதில்லை. விளக்கு, சுருவம், மணி, அந்த நேரம், எல்லாம் வேண்டியிருந்தது. ஆகவே செபமாலையை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் வசனத்தை வைத்தாள். படம் முடியும் மட்டும் இரவல் தாரும் அம்மா என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டாள். தன்னுடைய செபத்தைத் தனியே குசினியில் சொன்னாள். மாதா ஒரு பெண்தானே, விளங்கிக்கொள்ளுவாள் என்று நினைத்தாள்.

சூட்டிங் புறக்கோட்டையில் ஒரு பழைய பண்டகசாலையில் நடந்தது. உள்ளே வெள்ளைத் துணி கட்டி, இரும்புக் கட்டில் போட்டுப் பிணவறையாக்கியிருந்தார்கள். பொலிஸாக நடித்த பையன் கேள்வியைக் கேட்டான். கிளெமென்ற் வாய் திறக்கவில்லை. கமரா ஓடிக்கொண்டிருந்தது. மரியகொறற்றி கமராவுக்குப் பின்னால் நின்றிருந்தாள், கையில் செபமாலை. சத்தம் வராமல் உதட்டால் மட்டும் அந்தக் கேள்வியை அவள் இழுத்து முடித்தாள். கிளெமென்ற் பையனின் தோளுக்கு மேலாக அவளைப் பார்த்துக்கொண்டே மறுமொழி சொன்னார். ஒவ்வொரு கேள்விக்கும் அப்படித்தான். முடிந்ததும், அவருடைய அந்த மௌனத்தையும் அந்தப் பார்வையையும் யதுஷா நடிப்பென்றே நினைத்து, அங்கிளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தகப்பன் கடவுளைப் பார்த்தா அன்ரி அப்படிப் பொய் சொல்லுகிறார் என்று கேட்டாள். மரியகொறற்றி ஓம் போட்டுவைத்தாள்.

வென்றுவிட்டோம் என்றுதான் வீட்டுக்கு வந்தாள். மூன்றாம் நாள் பின்னேரம் குளித்து, விளக்கு வைத்து, மாதாவுக்கு நன்றி சொல்ல வேண்டுமென்று பழையபடி இரண்டுபேருமாகச் செபமாலைக்கு உட்கார்ந்தார்கள். ‘அருள் நிறைந்த மரியாயே’ என்று தொடங்கித் தன் பாதியைச் சொல்லி முடித்து நிறுத்தினாள்.

கிளெமென்ற் கண்ணை மூடியபடி, கைகூப்பியபடி, தெளிவான குரலில் சொன்னார்: “தெரியாது ஐயா. என்ர பிள்ளை இல்லை.”

எதிரே பாலனோடு நின்ற சுருவத்தை நிமிர்ந்து பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. மறுபடி தொடங்கினாள். மறுபடியும் அதே மறுமொழி. மூன்றாம் முறை அவள் குரல் உடைந்ததைக் கேட்டு அவர் கண்ணைத் திறந்தார். ஏதோ கெட்டுவிட்டது என்று மட்டும் அவருக்கு விளங்கியது.

“பிழைச்சுப்போச்சோ?” என்று கேட்டார். “இன்னொரு ரேக் எடுப்பமோ?”

அன்றைக்கு அவள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ஞாபகம் கெட்டவர்களுக்கும் கடைசிவரை நிற்கிறது என்று சொல்கிற செபத்தை, தானே கைவைத்துப் பிடுங்கிவிட்டேன் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். சுவாமியார் அது பாவமில்லை என்றார். பாவமில்லை என்று அவர் சுலபமாகச் சொன்னதும் அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. வீட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்கிறவர் அவரல்லவே.

திருத்துகிற வேலை தொடங்கியது. வசனத்தின் பக்கமே போகவில்லை. பின்னேரம் விளக்கு வைத்து, தன் பாதியையும் அவருடைய பாதியையும் அவளே சொன்னாள்; அவர் நுழைவதற்கு இடம் வைக்காமல் சேர்த்துச் சொன்னாள். ஒரு மாசம் அவர் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உதடு அசைந்தது. பிறகு ஒருநாள் அவருடைய பாதியில் ‘பாவிகளாயிருக்கிற எங்களுக்காக’ என்ற இடத்தில் குரல் வந்து சேர்ந்தது. சில நாள் வரும், சில நாள் வராது. வந்த நாட்களில் அவள் இராமலெட்சுமியைக் கூப்பிட்டுப் பிட்டு அவித்துக் கொடுத்தாள். காரணத்தைச் சொல்லவில்லை. வருசப் பிறப்பில் அவர் முகத்தில் முழிக்கப் பயந்த அந்த மனுசி காரணம் கேட்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் யதுஷா போன் எடுத்தாள். புறக்கோட்டைப் பண்டகசாலைக்குப் பக்கத்துக் கடையில் உருளைக்கிழங்கு வைக்கிற குளிர் அறையின் மோட்டர், பிணவறைக் காட்சி முழுக்க உறுமியிருக்கிறது. அந்த இரைச்சலைக் கழுவிப் பார்த்தார்கள், குரலும் சேர்ந்து கழுவுப்படுகிறது. நுகேகொடை ஸ்ரூடியோவில் அந்தக் காட்சியை மட்டும் அங்கிள் திரும்பப் பேச வேண்டும். முடிக்க ஒரு மாசம் இருக்கிறது.

மரியகொறற்றி எல்லாவற்றையும் சொன்னாள். டொக்டர் சொன்னதை, தான் மறைத்ததை, மணி உருட்டியதை, உதடு அசைத்ததை, சுருவத்துக்கு முன்னால் நடந்ததை. யதுஷா கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் மரியகொறற்றிக்கு இலேசாக இருந்திருக்கும். பாவம், அந்தப் பிள்ளை அவளிடமே மன்னிப்புக் கேட்டது. அங்கிளை இனிக் கஷ்டப்படுத்த வேண்டாம் அன்ரி, ரேடியோவில் கதைக்கிற ஓர் அண்ணா இருக்கிறார், குரல் கிட்டத்தட்டப் பொருந்தும், அவரை வைத்துச் சமாளிக்கிறேன் என்றாள்.

ரேடியோவில் கதைக்கிற ஆள். ஐம்பது வருசம் போய் அதே ஆள் வந்து நிற்கிறார்.

இரண்டு நாள் அவள் அதையே திருப்பித் திருப்பி நினைத்தாள். வேண்டாம் என்பதுதான் சரி. அதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஓர் ஆத்துமாவின் செபத்தைவிடப் படமா பெரிது. சரி என்று தெரிந்த பிறகும் ஏன் சாப்பாடு இறங்கவில்லை என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை கிளெமென்றுக்குத் தெளிவான காலையாக விடிந்தது. அப்படிச் சில காலைகள் இன்னும் இருந்தன. பேப்பரை மேலோட்டமாகப் பார்த்தார், துறைமுகத்தில் கூட வேலைசெய்த ஒருவரின் மரண அறிவித்தலைப் பார்த்துப் பெயர் சொன்னார், தேத்தண்ணிக்குச் சீனி போதாது என்று குறை சொன்னார். அவர் குறை சொன்னதே மரியகொறற்றிக்குத் தைரியம் கொடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்து விசயத்தைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். வேறு ஆள் பேசப்போகிறார் என்ற இடத்தில் கோப்பையைக் கீழே வைத்தார்.

“ஆர் கதைக்கிறது?”

ரேடியோ ஆள் என்றாள்.

“வேண்டாம். நான் கதைக்கிறன்.”

“நீங்கள் கதைக்கலாம்” என்றாள். “ஆனா திரும்பப் பழக்கினா செபம் முழுக்கப் போயிடும். இப்பதான் கொஞ்சம் வந்திருக்கு. பிறகு எனக்கு அதைத் திருப்பி எடுக்க ஏலாது.”

அவர் சுருவம் இருந்த பக்கம் பார்த்தார். அந்த முகம், எத்தனையோ வீடுகளுக்குக் கெட்ட செய்தி கொண்டுபோன முகம், இந்தமுறை தனக்கு வந்த செய்தியைத் தானே வாங்கிக்கொண்டது. அழவில்லை. கனநேரம் யோசித்தார். அவ்வளவு நேரம் ஒன்றைப் பிடித்து யோசிக்க அவருக்கு இன்னும் முடிகிறது என்பதைப் பார்த்து அவள் வியந்தாள்.

“கொறற்றி, செபத்தில என்ர பாதியையும் நீ சொல்லு. உனக்குத் தெரியும்தானே. மாதா ஏற்றுக்கொள்ளுவா” என்றார். “என்ர வசனத்தை மட்டும் இன்னொருத்தன் சொல்லக்கூடாது.”

வாழ்க்கை முழுக்கக் கண்டவன் நின்றவனெல்லாம் அவருக்கு டப்பிங் பேசினார்கள். கடைசியில் அவரே கேட்டு ஓர் ஆளைப் பிடித்தார், அதுவும் படத்துக்கல்ல. மரியகொறற்றிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மாட்டேன் என்று சொல்லப் பார்த்தாள். செபம் அவருடையது, வசனமும் அவருடையது, இரண்டில் எதை விடுவது என்று சொல்ல அவரை விட யாருக்கு உரிமை. மத்தியானத்துக்குள் அவர் அந்தக் கதையையே மறந்துபோனார். அவள் மறக்கவில்லை. யதுஷாவுக்குப் போன் எடுத்து வருகிறோம் என்றாள்.

அன்று பின்னேரமே விளக்கை வைத்து, மணியைக் கையில் எடுத்து, பொலிஸ்காரனின் கேள்வியைக் கேட்டாள். செபமாலையில் ஒரு பத்து மணி உருளுமுன்னமே மறுமொழி வந்தது. அது எங்கும் போயிருக்கவில்லை. ‘பாவிகளாயிருக்கிற எங்களுக்காக’ என்ற சத்தம் அதன் பிறகு அவரிடமிருந்து வரவில்லை.

நுகேகொடை ஸ்ரூடியோவில் யதுஷா அவளையும் கண்ணாடி அறைக்குள்ளே விட்டாள். திரையில் கிளெமென்றின் முகம் ஓடியது. மரியகொறற்றி அவர் பக்கத்தில் நின்று, காதுக்குக் கிட்டக் கேள்விகளைச் செப இழுவையில் சொன்னாள். அவர் மறுமொழி சொன்னார். சொன்னதெல்லாம் திரையிலிருந்த உதட்டில் அப்படியே போய்ப் பொருந்தியது. அவளுடைய சத்தத்தைப் பிறகு வெட்டி எடுத்துவிடலாம் என்றார்கள். எல்லாம் முடிந்து யதுஷா அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினாள். சின்ன அறை முழுக்க அந்தக் குரல். மரியகொறற்றி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இனி இது எரியாது அன்ரி, எத்தனையோ இடத்தில் வைத்திருக்கிறோம், றஷ்மி அக்காவுக்கும் அனுப்புகிறேன் என்றாள் யதுஷா. கிளெமென்ற் திரையைக் காட்டி, இந்த ஆள் நன்றாகச் செய்கிறான் என்று சந்தோசமாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சேரப் பின்னேரமாகிவிட்டது. வழமைபோல விளக்கு வைத்தாள். அவர் வழமைபோல வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். ‘அருள் நிறைந்த மரியாயே’ என்று தொடங்கிப் பாதியில் நிறுத்தாமல் அவருடைய பாதிக்குள் போனாள். அவர் கொஞ்ச நேரம் கவனமாகக் கேட்டார். பிறகு அவள் பக்கம் சாய்ந்து, சூட்டிங்கில் தெரியாத ஆளிடம் கேட்கிற மரியாதையோடு, மெதுவாகக் கேட்டார்.

“இது எந்தப் படத்துக்கு?”

“இது படமில்லை” என்றாள் மரியகொறற்றி. “நீங்கள் இருங்கோ. நான் சொல்லுறன்.”

அவர் தலையாட்டிவிட்டுக் கைகூப்பி, தன் முறை எப்போது வரும் என்று அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மணியை உருட்டி, தன் பாதியையும் அவருடைய பாதியையும் சொல்லிக்கொண்டு போனாள்.